மச்சாள் தந்த எண்ணெய்

அந்தச் சைக்கிளை மனோகரி ஒருநாளும் சைக்கிள் என்று சொன்னதில்லை. "உந்தச் சனியன்" என்றுதான் சொல்வாள். பின்பல்கணியில் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு பனிக்காலம் முழுக்கச் சும்மா நின்றதைத் தவிர அது அவளுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. உடுப்புக் காயப்போட இடமில்லை என்பாள். மொன்றியல் பனியில் பல்கணியில் உடுப்புப் போட்டால் காற்சட்டை பலகையாகிவிடும் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் வாய்க்கு வேலை வேண்டுமே.

சைக்கிள் சிவமலருடையது. மனோகரியின் புருசன் சிவராசாவின் தங்கை அவள். போன வருசம், எண்பத்தாறாம் ஆண்டுக் கோடையில், ஒரு பையோடு அகதியாக வந்திறங்கி, பார்க் எக்ஸ்டென்ஷனில் அண்ணன் குடியிருந்த மேல்மாடி வீட்டில் ஒட்டிக்கொண்டாள். ஒட்டிக்கொண்டவள் என்பது மனோகரியின் சொல். ஒட்டிக்கொண்டவள்தான் மூன்று நேரமும் சமைத்தாள். அண்ணனின் மகள் நிரோஷியை எழுப்பி, குளிப்பாட்டி, பள்ளிக்கூடத்தில் விட்டாள். அண்ணனும் மனோகரியும் விடியவே காரில் வேலைக்குப் போய்விடுவார்கள். மத்தியானம் தாண்டி பிஸ்கட் தொழிற்சாலையிலிருந்து வரும் மனோகரி, சட்டியைத் திறந்து கறியில் உப்புக் கூட என்பாள். உப்புச் சரியான நாளில் உறைப்புக் கூட என்பாள்.

சைக்கிளைக் கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர் இலையுதிர்காலத்தில் கொடுத்தார். மகள் கலியாணம் கட்டிப் போய்விட்டாளாம், ஏற ஆளில்லையாம். யாழ்ப்பாணத்தில் சிவமலர் பள்ளிக்கூடம், தையல் வகுப்பு, சந்தை என்று எல்லாவற்றுக்கும் சைக்கிளில் போனவள். சிறுமியாக இருந்தபோது சிவராசாதான் கரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி ஓடிச் சைக்கிள் பழக்கினான். "விடாதைங்கோ அண்ணை, விடாதைங்கோ" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவாள். இங்கே சைக்கிள் கைக்கு வந்து, பின்லேனில் நாலு தடவை ஓடிப் பார்ப்பதற்குள் பனி கொட்டிவிட்டது. அதன்பிறகு அவளும் சைக்கிளும் ஒன்றாகத்தான் சிறையிருந்தார்கள்.

அந்தச் சிறைக்காலத்தில் நடந்த ஒரு சண்டையை இங்கே சொல்லியாகவேண்டும். மனோகரியிடம் ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் இருந்தது. ரொறொன்ரோவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது. அது குசினியில் ஹீட்டருக்கு மேலேயுள்ள தட்டில் சாமிப்படம் மாதிரி இருக்கும், அவளைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. தை மாதத்தில் ஒருநாள் சிவமலர் வறண்டுபோன தலைக்கு அதில் ஒரு சொட்டுத் தடவிவிட்டு, மறதியாகப் போத்தலை ஜன்னலோரம் வைத்துவிட்டாள். பின்னேரம் மனோகரி பார்த்தபோது எண்ணெய் வெள்ளைக்கட்டியாக இருந்தது.

"ஊரிலயே மார்கழியில கட்டிபடுற எண்ணெய். இஞ்சத்தையக் குளிருக்க வச்சால் என்னாகும் எண்டு யோசிக்க உமக்கு மண்டைக்குள்ள ஒண்டும் இல்லையோ?" என்று தொடங்கியவள் மறுநாள் பின்னேரம்வரை நிறுத்தவில்லை.

பங்குனியில் வேலை செய்யும் அனுமதி வந்தது. கோட்-டெ-நெய்ஜில் ஆஸ்பத்திரியொன்றில் துப்புரவு வேலை பார்த்த மாக்கிரட் என்ற மட்டக்களப்புப் பெண்ணைச் சிவமலருக்குப் பிரெஞ்சு வகுப்பில் பழக்கம். அவள்தான் உடுப்புத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ரெலிபோனில் சொன்னாள். தன் அறையில் இன்னொரு கட்டில் போட இடமிருக்கிறது என்றும் சொன்னாள். வேலை கிடைத்தால் அறைக்கூலியில் பாதி கொடுக்கலாம். கிடைக்காவிட்டால் மச்சாளின் குசினிதான் கதி. அந்த ரெலிபோன் பேச்சு முழுவதையும் மனோகரி தொலைக்காட்சியைப் பார்ப்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையின் மேற்பார்வைக்காரி செலீன் என்ற பிரெஞ்சுக்காரி. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வரச் சொன்னாள். ஒருநாள் கொலர் தைக்கவிட்டுப் பார்ப்பாளாம். பிந்தினால் மெசின் அடுத்தவளுக்கு, வாசலில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள் என்று அரைகுறை இங்கிலீசில் சொன்னாள்.

சிவமலர் வீட்டில் விசயத்தைச் சொன்னபோது மனோகரி தடுக்கவில்லை. அவள் கெட்டிக்காரி.

"தாராளமாப் போம். ஆனால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுத்தான் போகவேணும். நாங்கள் விடிய வெளிக்கிடுற ஆக்கள் எண்டு உமக்குத் தெரியும்."

பள்ளிக்கூடக் கதவு திறந்தபிறகு பஸ் பிடித்தால், அது ரயில்பாதையைச் சுற்றி, நடுவில் இன்னொரு பஸ் மாறி, எட்டு மணிக்கு எந்தக் கொம்பனும் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரமுடியாது. மனோகரி இதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னாள். அண்ணனிடம் கேட்கலாம் என்று திரும்பினால், சிவராசா சோற்றுக்குள் தலையை விட்டிருந்தான். அந்த வீட்டில் எந்தச் சண்டையிலும் அவனுக்குப் பசி வந்துவிடும்.

சிவமலர் கண்ணாடிக் கதவினூடாகப் பின்பல்கணியைப் பார்த்தாள். சைக்கிளில் போனால் நேர்வழி இருக்கிறது. அக்காடித் தெருவால் ஏறி, நெடுஞ்சாலைக்குக் கீழேயுள்ள வட்டச் சந்தியைத் தாண்டி மேற்கே திரும்பினால் சரி.

சனிக்கிழமை நல்ல வெயில். சித்திரை பிறந்துவிட்டது என்று ஊர்முழுக்கப் பைத்தியம் பிடித்ததுபோல் அரைக்கைச் சட்டையோடு திரிந்தது. கிரேக்கக் கிழவர் பெனியனோடு வெளிப்படிக்கட்டில் குந்தியிருந்து சிகரெட் பிடித்தார். மொன்றியலின் வசந்தம் அழகு என்று சொல்கிறவன் படத் தபாலட்டை விற்பவனாக இருக்கவேண்டும். பனி உருக உருக, ஆறுமாதக் குப்பையும் நாய்ப்பீயும் ஒற்றைக் கையுறைகளும் வெளியே வந்துகொண்டிருந்தன. ஆனாலும் வெயில் வெயில்தான். சிவமலர் நம்பிவிட்டாள்.

விரிப்பை உரித்தாள். சைக்கிள் பரிதாபமாக இருந்தது. செயின் சிவந்து துருவேறியிருந்தது. அதைவிட மோசம் பின்சில்லின் நடுவில் இருக்கிற பிறீவீல். மிதிக்கும்போது சில்லைப் பற்றிக்கொள்வதும், மிதியை நிறுத்தினால் விட்டுவிடுவதும் அதற்குள் இருக்கும் சின்னச் சின்னப் பற்களின் வேலை. அது துருவில் இறுகி, கல்லரைப்பதுபோலச் சத்தம் போட்டது. குசினி நிலத்தில் பழைய பேப்பரை விரித்து, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். எண்ணெய் இல்லாமல் ஒன்றும் நடக்காது. கடைக்குப் போகலாம் என்று எழும்பினாள்.

அப்போதுதான் மனோகரி தட்டிலிருந்த போத்தலை எடுத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் சிரிப்பு. சிவமலர் அந்த வீட்டில் அந்தச் சிரிப்பை விருந்தாளிகளுக்கு முன்னால் மட்டுமே பார்த்திருக்கிறாள்.

"ஏன் பிள்ளை கடைக்குப் போறாய்? இந்தா, இதை விடு. நல்ல சுத்தமான எண்ணெய்."

பிள்ளை! எட்டு மாதமாக நீர், உமக்கு என்று தள்ளிவைத்துக் கதைத்தவள் பிள்ளை என்றாள். சாமிப்படம் மாதிரி இருந்த போத்தலைத் தன் கையாலேயே கொண்டுவந்து தந்தாள். எட்டு மாதம் ஒருவர்கூட முகம் கொடுத்துக் கதைக்காத இடத்தில் ஒரு நல்ல சொல் விழுந்தால் மனுசருக்குப் புத்தி மழுங்கிவிடுகிறது. மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த சிவராசா தலையை நிமிர்த்தினான். போத்தலைப் பார்த்தான், பெண்சாதியைப் பார்த்தான், பிறகு தேத்தண்ணியைப் பார்த்தான்.

"தாங்ஸ் மச்சாள்," என்றாள் சிவமலர், மெய்யாகவே.

பிறீவீலுக்குள் தாராளமாக ஊற்றினாள். ஹீட்டரை நிறுத்த முடியாத அந்த வீட்டின் சூட்டில் எண்ணெய் தண்ணீராக ஓடி உள்ளே இறங்கியது. சில்லைச் சுழற்றினாள். கிர்ர் என்று சுற்றிக்கொண்டே இருந்தது. நிரோஷி கைதட்டினாள். மனோகரியும் கைதட்டினாள்.

திங்கட்கிழமை விடிந்தபோது சனிக்கிழமை வெயிலை யாரோ களவெடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். வானம் சாம்பலாகக் கிடந்தது. தெருவோரத்துத் தண்ணீர் இரவில் மறுபடி உறைந்து, காலை வைத்தால் நொறுங்கியது. சிவமலர் சைக்கிளைப் படிகளால் இறக்கி, நிரோஷியைக் கரியரில் இருத்தி, பள்ளிக்கூடம்வரை ஓடினாள். சைக்கிள் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சொல்கேட்டது. சந்தோசத்தில் அவளுக்குப் பாட்டுக்கூட வந்தது.

பள்ளிக்கூட வாசலில் நிரோஷியின் கையுறையைக் காணவில்லை, ரீச்சர் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள், பிறகு கதவு திறக்கப் பிந்தியது. சைக்கிள் வேலியோரம் குளிரில் நின்றது.

அக்காடித் தெருவில் ஏறினாள். தெருவின் மற்றப் பக்கம் நீளத்துக்குக் கம்பிவேலி. வேலிக்கு அப்பால் பணக்காரர்களின் ஊர், பெரிய மரங்கள், பெரிய வீடுகள். பார்க் எக்ஸ்டென்ஷன் சனம் உள்ளே வந்துவிடக்கூடாது என்றே அடைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த வேலியைப் பார்த்து ஒரு முறைப்பு முறைத்துவிட்டு மிதித்தாள். முதல் சிவப்பு விளக்கில் மிதியை நிறுத்தினாள், பிறேக் பிடித்தாள், நின்றாள். பச்சை வந்தது. மிதித்தாள்.

பெடல் சும்மா சுற்றியது. செயினும் சுற்றியது. சில்லு அசையவில்லை. இன்னும் வேகமாக மிதித்தாள். காற்றை மிதிப்பதுபோல் இருந்தது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்னை அமுக்கினான். பிறகு கண்ணாடியை இறக்கி, "தபர்நாக்!" என்றான். அந்தச் சொல்லை வகுப்பில் படிப்பிக்கவில்லை. ஆனாலும் அர்த்தம் விளங்கியது.

"போடா மூதேவி!" என்று கத்திவிட்டுச் சைக்கிளை ஓரத்துக்கு இழுத்தாள்.

குனிந்து பிறீவீலைப் பார்த்தாள். சின்ன இடைவெளியில் வெள்ளையாக ஏதோ பிதுங்கி நின்றது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு மாதிரி வந்தது. மணந்து பார்த்தாள். தலைக்கு வைக்கிற வாசம்.

தை மாதத்து ஜன்னலும், வெள்ளைக்கட்டியும், "மண்டைக்குள்ள ஒண்டும் இல்லையோ" என்ற குரலும் ஒன்றாக வந்து முகத்தில் அறைந்தன. பற்கள் கட்டிபட்ட எண்ணெய்க்குள் ஒட்டிக்கொண்டு எழும்பமுடியாமல் கிடக்கின்றன. இது நடக்கும் என்று மனோகரிக்குத் தெரியும். எனக்கும் தெரிந்திருக்கவேண்டும், என்று நினைத்தாள். பிள்ளை என்று ஒரு சொல் சொன்னாள், நான் வாலை ஆட்டிக்கொண்டு போத்தலை வாங்கினேன். சிவமலருக்கு மனோகரிமேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. நடுத்தெருவில் நின்று அழவேண்டும்போல் வந்தது. அழுதால் எட்டு மணி போய்விடும்.

பையில் பிளாஸ்க் இருந்தது. மத்தியானத்துக்கென்று ஊற்றிக்கொண்டு வந்த கொதிக்கக் கொதிக்க வெறுந்தேத்தண்ணி. அதைத் திறந்து மெல்ல மெல்லப் பிறீவீலுக்குள் ஊற்றினாள். நாயோடு வந்த ஒரு கிழவி நின்று, சைக்கிளுக்குத் தேத்தண்ணி பருக்குகிற இந்தக் கறுப்புப் பெண்ணைப் பார்த்து நாயை இழுத்துக்கொண்டு தள்ளிப் போனாள். வெள்ளை உருகி, துருவோடு கலந்து சொட்டியது. பெடலைக் கையால் சுற்றினாள். சில்லுச் சுற்றியது.

ஆனால் இந்தச் சூடு எத்தனை நேரத்துக்கு? மிதித்துக்கொண்டே இருந்தால் பற்கள் பிடியை விடாது. நிறுத்தினால் மறுபடி உள்ளே போய் ஒட்டிவிடும். பிளாஸ்க்கில் ஒரு சொட்டும் மிச்சமில்லை. அப்படியென்றால் நிறுத்தக்கூடாது. தொழிற்சாலை வாசல்வரை ஒரு இடத்திலும் மிதியை நிறுத்தக்கூடாது.

அடுத்த விளக்கைச் சிவப்பிலேயே தாண்டினாள். ஒரு பஸ் சறுக்கிக்கொண்டு நின்றது. குழிகள் எல்லாம் தண்ணீர் நிறைந்து, எது ஆழம் எது மேலோட்டம் என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. ஒரு குழியில் விழுந்து எழும்பியபோது முதுகெலும்பு கழுத்துக்குள் வந்துவிட்டுப் போனது. கால் நிற்கவில்லை. நெடுஞ்சாலைக்குக் கீழே வட்டச் சந்தி வந்தது. ஐந்தாறு தெருக்கள் வந்து முட்டும் அந்த இடத்தில் கார்களே பயந்து பயந்துதான் நுழையும். சிவமலர் பார்க்கவில்லை, பொறுக்கவில்லை, நேரே உள்ளே போனாள். ஒரு லொறி காதுக்குள் ஊளையிட்டது. யாரோ ஒருவன் கையை வெளியே நீட்டி ஏசினான். அவள் ஊர்த்தமிழில் அவனுடைய பரம்பரையை இழுத்துத் திட்டினாள். உண்மையில் அவ்வளவும் மனோகரிக்கு உரியது. வழியில் குறுக்கே வந்தவர்களுக்கெல்லாம் அதில் பங்கு கிடைத்தது.

தொழிற்சாலை வாசலில் செலீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் இன்னொரு பெண் கோட்டைக் கழற்றத் தொடங்கியிருந்தாள். சிவமலர் சைக்கிளைச் சுவரில் எறியாத குறையாகச் சாத்திவிட்டு ஓடினாள். செலீன் மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு அவளுடைய கைகளைப் பார்த்தாள். கறுப்பாகக் கிறீஸ். உள்ளே தைக்கப்போவது வெள்ளைக் கொலர். செலீனுக்கு இரக்கம் என்று ஒன்று இருந்தால் அதை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கவேண்டும்.

"கழுவு," என்று கையாலேயே காட்டினாள்.

தோல் உரியக் கழுவினாள். பிறகு மெசினில் குந்தி, யாரோடும் ஒரு வார்த்தை கதைக்காமல், மத்தியானம் தேத்தண்ணியும் இல்லாமல், ஆத்திரம் தீரத் தைத்தாள். ஆத்திரத்தில் தைத்த தையல் கோடு போட்டதுபோல் நேராக வந்தது. பின்னேரம் செலீன் ஒரு கொலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாராட்டவில்லை. "நாளைக்கும் எட்டு மணி," என்றாள்.

வெளியே வந்தபோது நல்ல வெயில். சைக்கிளைத் தொட்டால் கம்பி சுட்டது. பிறீவீல் கிர்ர் என்று சுற்றியது. நடந்ததற்குச் சாட்சியாக ஒன்றுமேயில்லை, எல்லாம் உருகிப் போய்விட்டது. நிறுத்தி நிறுத்தி, விளக்குக்கு விளக்கு நின்று, ஆறுதலாக வீட்டுக்கு வந்து, சைக்கிளை மேலே ஏற்றினாள்.

குசினியில் அடுப்பு மூட்டவில்லை. அவள் வந்து சமைக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிரோஷி தொலைக்காட்சிக்கு முன்னால் கிடந்தாள்.

"என்ன, வேலை சரிவந்ததோ?" என்று கேட்டாள் மனோகரி. குரலில் தேன்.

"ஓம். எடுத்திட்டினம்."

மனோகரியின் முகத்தில் ஈயாடவில்லை. "சைக்கிள்?"

"உங்கட எண்ணெய் கட்டிபட்டு நடுறோட்டில நிண்டன் மச்சாள். பஸ் அடிச்சிருந்தால் இண்டைக்கு நீங்கள் எனக்கு அழுது ஒப்பாரி வைக்கவேண்டி வந்திருக்கும்."

"எனக்கென்ன தெரியும்? நல்லது செய்யப்போய் நான் கெட்ட பேர் கேக்கவேண்டிக் கிடக்கு."

"தையில அந்தப் போத்தலை ஜன்னலடியில வச்சதுக்கு என்னை ரண்டு நாள் நிண்டு பேசினனீங்கள். மார்கழியில ஊரிலயே கட்டிபடும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

மனோகரி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். வேசம் போதும் என்று நினைத்திருக்கவேண்டும்.

"ஓம், தெரியும். தெரிஞ்சுதான் தந்தனான். இப்ப என்ன? நீர் உம்மட சிநேகிதியோட போய் இருக்கப்போறீர். இந்த வீட்டில ஆர் சமைக்கிறது, பிள்ளையை ஆர் பாக்கிறது? உம்மைக் கூப்பிட்டது சும்மா இருத்தி வைக்கவோ?"

சொல்லப்போனால் சிவமலருக்கு இது பெரிதாக நோகவில்லை. பகையாளி பகையைக் காட்டிவிட்டாள், அவ்வளவுதான். ஆனால் சிவராசாவுக்குப் பொறுக்கவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினான். "சண்டை பிடிக்காதைங்கோ, பொறுங்கோ," என்று சொல்லிக்கொண்டு படிகளால் இறங்கிக் காரடிக்குப் போனான். திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்னத் தகர டின். அதைத் தங்கையின் கையில் வைத்தான்.

"இதை விடு. மெசின் எண்ணெய். எந்தக் குளிருக்கும் உறையாது. நாளைக்கு ஒரு பிரச்சினையும் வராது."

சிவமலர் டின்னைக் குலுக்கிப் பார்த்தாள். பாதிக்குமேல் முடிந்திருந்தது. வெளியே ஒட்டியிருந்த தாள் தேய்ந்து எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

"இது எப்ப வாங்கினது அண்ணை?"

"அது கன காலம். கார் டிக்கிக்கதான் எப்பவும் கிடக்கு..."

சொல்லிக்கொண்டு வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டான்.

"சனிக்கிழமையும் கிடந்ததோ?"

சிவராசா மேசையைப் பார்த்தான். பசியென்று சொல்லித் தலையை விட அதில் சாப்பாடும் இல்லை. மனோகரி செய்தது ஒரு காலைப்பொழுதுக்குத்தான் வலித்தது. இது வேறு. எல்லாம் தெரிந்துகொண்டு, டின்னைக் கீழே வைத்துக்கொண்டு, தேத்தண்ணியைப் பார்த்தபடி குந்தியிருந்தவன் தன்னோடு ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன். வட்டச் சந்தியில்கூட வராத நடுக்கம் சிவமலருக்கு இப்போதுதான் வந்தது.

அவள் கத்தவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பிறீவீலைத் துடைத்து, அந்த டின்னிலிருந்தே எண்ணெய் விட்டாள். கடைசிச் சொட்டுவரை விட்டாள். வெறும் டின்னைத் தட்டில், தேங்காய் எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாக்கிரட்டுக்கு ரெலிபோன் எடுத்து, வாறன் என்று மட்டும் சொன்னாள். கொண்டுவந்தது ஒரு பை, கொண்டுபோவதும் அதுதான். அதைக் கரியரில் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். நிரோஷியைக் கொஞ்சினாள்.

"நாளையில இருந்து இவளைப் பள்ளிக்கூடத்தில நீங்கள் கொண்டுபோய் விடுங்கோ அண்ணை. கையுறை ஒண்டு வாங்கவேணும்."

வெளிப்படிக்கட்டு செங்குத்தாக வளைந்து இறங்குவது. சைக்கிளும் பையுமாக இறங்கத் தனி ஆளால் முடியாது. இரண்டாம் படியில் அவள் தடுமாறியபோது, சிவராசா ஓடிவந்து பின்னால் கரியரைப் பிடித்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. கிரேக்கக் கிழவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"விடுங்கோ அண்ணை," என்றாள் சிவமலர்.

அவன் இன்னும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விடுங்கோ."

அவன் விட்டான்.